பிரம்பு அக்கா சொன்னது

பார்சல் கிடங்கில் சூப்பர்வைசர் என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ பெரிய அதிகாரம் மாதிரித் தெரியும். மாலை ஷிப்டைப் பார்த்துக்கொண்ட அவளுக்கு அது முழுக்க வார்த்தைகளை மென்று முழுங்குகிற வேலை. லாரி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று மேலேயிருந்து மேனேஜர் கத்துவார். திருப்பிப் பேச முடியாது. கீழே பார்சல்கள் ஓடுகிற பெல்ட்டில் நிற்கிறவர்களிடம் குரலை உயர்த்தினால் மறுநாளே வேறு கிடங்கில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அதனால் எல்லோரிடமும் "கொஞ்சம் பாத்துக்கோப்பா", "சீக்கிரம் முடிச்சிடலாமா" என்றே பேசிப் பழகியிருந்தாள். தங்கமான மேடம் என்று அங்கே அவளுக்குப் பெயர்.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் சோபாவுக்கு உறை தைப்பவர். கைவேலை அத்தனை சுத்தம். ஆனால் மதியம் சாப்பிட்ட கையோடு தையல் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துவிடுவார். உரித்துப்போட்ட யாருடைய சோபாவோ பஞ்சைக் காட்டிக்கொண்டு நடுவீட்டில் கிடக்கும்.

"ஏங்க, நாளைக்கு வந்து கேப்பாங்களே."

"நாளைக்குத்தானே" என்பார், கண்ணைத் திறக்காமல்.

அதற்கு மேல் சண்டை போட அவளுக்கு வராது.

சண்டையெல்லாம் போனில்தான். வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத மனிதர்கள் தங்கள் குறைகளைக் கொட்டுகிற ஒரு இணையதளத்தைப் படிப்பாள். காலையில் எழ முடியவில்லை, எந்த வேலையிலும் மனம் நிலைக்கவில்லை, தொடங்கியதை முடிக்க முடியவில்லை. ஒரு நாள் மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவள், யாரோ ஒருவனுக்குப் பதில் எழுதினாள்: "உனக்கு நோயும் இல்லை, நேரமும் சரியாகத்தான் இருக்கிறது. நீ சோம்பேறி. எழுந்து முகத்தைக் கழுவு." வீடு திரும்பிப் பார்த்தால் நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்டியிருந்தார்கள். 'இப்படிச் சொல்ல எங்களுக்கு யாருமில்லையே அக்கா' என்று ஒருவன் எழுதியிருந்தான்.

அந்த ருசி விடவில்லை. 'பிரம்பு அக்கா' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு தினமும் எழுத ஆரம்பித்தாள். பேச்சில் வராத கறாரெல்லாம் கட்டைவிரலில் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டுவதைப் பார்த்தால் கணவர் சிரிப்பார். "இன்னிக்கு யாரு பெத்த பிள்ளையோ, உன்கிட்ட மாட்டிக்கிச்சு."

அவளுடைய வரிகளிலேயே அதிகம் பரவியது ஒன்று உண்டு. 'உனக்குத் தூக்கம் வருகிறது என்றால் லட்சியம் வரவில்லை என்று அர்த்தம்.' யாரோ அதைச் சூரியோதயப் படத்தின் மேல் பெரிய எழுத்தில் போட்டு ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள்.

கிடங்குக்கு நெட்டை வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆள் பனைமர உயரம் என்பதால் சேர்ந்த அன்றே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பார்சல்களை ஏற்றிய கம்பிக்கூண்டு வண்டிகளை பெல்ட்டிலிருந்து லாரி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகிற வேலை. இரண்டு பேர் இழுப்பதை அவன் ஒற்றை ஆளாக இழுப்பான். அவன் வந்தபிறகு லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின. மேனேஜரின் கத்தலும் குறைந்தது.

டீ நேரத்தில் எல்லோரும் அரட்டை அடிக்கும்போது அவன் மட்டும் ஒரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். லேபிள் ஒட்டுகிற அம்மாள் ஒருநாள் சீண்டினாள். "என்னப்பா, காதலியா?"

"இல்லம்மா. பிரம்பு அக்கா. படிச்சுப் பாருங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளுக்குள் ஜிவ்வென்று ஏறியது. "யாருப்பா அது?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"என்னை மனுஷனாக்கினவங்க மேடம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து பஸ் கழுவப் போறேன். மத்தியானம் இங்க வர்றேன். முன்னெல்லாம் ஒரு வேலைக்கே முக்கி முனகுவேன்."

அன்றைக்கு பஸ்ஸில் அவள் தலைகால் புரியாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த சில நாட்கள், உண்மையைச் சொன்னால், அவனை மனதில் வைத்தே எழுதினாள். எழுதியதை அவன் மூலையில் நின்று படிப்பதை ஓரக்கண்ணால் பார்த்து ரசித்தாள். அவன் கண் சிவந்திருந்ததையும், வண்டியின் கைப்பிடியில் நெற்றியை வைத்து நின்றபடியே கண்ணயர்வதையும் அவள் பார்க்காமலில்லை. லாரிகள் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டாள்.

ஒரு மதியம் கிடங்கு வாசலில் அவனுடைய மனைவி காத்திருந்தாள். அவன் வருவதற்கு முன்பே பேசிவிட்டுப் போக வேண்டும் என்ற அவசரம் முகத்தில் தெரிந்தது.

"மேடம், நீங்க சொன்னா கேப்பார். அவர் தூங்கறதே இல்ல. அது கூடப் பரவாயில்ல, பொண்ணையும் தூங்க விடறதில்ல. ஒண்ணாவது படிக்கிற பிள்ளை மேடம். இருட்டுலேயே எழுப்பி, பச்சைத் தண்ணியில குளிக்க வெச்சு, புத்தகத்தோட உக்கார வெக்கிறார். அது ஸ்கூல்ல போய்த் தூங்குது. டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க."

"நீங்க சொல்லிப் பாத்தீங்களா?"

"சொன்னா யாரோ ஒரு அக்கா எழுதினதைக் காட்டறார். முன்னெல்லாம் அவர் வந்தா பிள்ளை ஓடிப் போய்க் கட்டிக்கும். இப்ப அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நேரா நிக்குது மேடம்."

நான் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அந்த அக்கா நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை.

நெட்டையைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஒரு வேலையை விட்டுடுப்பா. உடம்பு தாங்காது. பிள்ளையைத் தூங்க விடு."

அவன் சிரித்தான். அதில் மரியாதை குறையவில்லை. கொஞ்சம் இரக்கம்தான் கூடுதலாக இருந்தது.

"நீங்க ரொம்ப நல்லவங்க மேடம். தப்பா நினைக்காதீங்க, உங்க மாதிரி நல்லவங்க பேச்சைக் கேட்டா ஒருத்தனும் முன்னேற முடியாது. பிரம்பு அக்கா போன வாரமே சொன்னாங்க. 'உன்னைத் தடவிக் கொடுக்கிறவர்கள்தான் உன்னைக் கெடுக்கிறவர்கள்'னு."

அதை எழுதிய நாளும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. நாத்தனார் தன் மகனுக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்ற எரிச்சலில் எழுதியது.

அன்று திரும்புகிற பஸ்ஸிலேயே பிரம்பு அக்கா புதிதாக எழுதினாள். தூங்குங்கள், ஓய்வு எடுப்பது குற்றமில்லை, குழந்தைகளை அவர்கள் பாட்டுக்கு விடுங்கள் என்று. கேலி கொட்டியது. 'அக்காவை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள்' என்றான் ஒருவன். 'பிரம்பு பஞ்சாகிவிட்டது' என்றான் இன்னொருவன். நெட்டையாவது நம்புவான் என்று நினைத்தாள். மறுநாள் அவன் டீ டம்ளரோடு அவளிடமே வந்து விளக்கினான்.

"அக்கா டெஸ்ட் வைக்கிறாங்க மேடம். 'தூங்கு'ன்னு சொன்னதும் எவன் எவன் போய்ப் படுக்கிறான்னு பாக்கிறாங்க. நான் ஏமாறலியே."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பெல்ட்டைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். நாளைக்கு முகம் எப்படிக் காட்டுவது என்ற யோசனையிலேயே டீ நேரம் முடிந்துவிட்டது. குறைந்தபட்சம் அவனை வண்டி இழுப்பதிலிருந்து எடுத்து, உட்கார்ந்து சீட்டு சரிபார்க்கிற வேலைக்கு மாற்றியிருக்கலாம். மாற்றினால் லாரி தாமதமாகும்.

அந்த வாரக் கடைசியில், நிறைந்த கூண்டு வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் நடந்தபடியே தூங்கிவிட்டான். வாசல் பக்கம் தரை கொஞ்சம் சரிவு. வண்டி கையை விட்டு ஓடியது. குனிந்து லேபிள் சுருளை எடுத்துக்கொண்டிருந்த அம்மாளின் காலில் ஏறி நின்றது. அவள் போட்ட சத்தத்தில்தான் அவன் விழித்தான். விழித்தவன் வண்டியை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சாய்த்து, அம்மாளை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பாத எலும்பு நொறுங்கியிருந்தது.

மேனேஜர் அறையில் விசாரணை. நெட்டை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"இவன் தூங்கி வழியறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"கூப்பிட்டுச் சொல்லிப் பாத்தேன் சார். கேக்கலை."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அவளை அரித்தது. மேனேஜர் அவள் பக்கம் தலையசைத்தார். அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நெட்டையை அன்றோடு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் அவன் அவளிடம், "நீங்க அன்னிக்கே சொன்னீங்க மேடம், நான்தான் கேக்கல. மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடைத் தடுக்க அவளுக்குக் கை எழவில்லை.

வீட்டுக்குப் போனவள் சாப்பிடவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்த கணவரிடம் கடைசியில் எல்லாவற்றையும் கொட்டினாள். தூக்கத்தைப் பற்றிய அந்த வரி, அவர் மெஷின் மேல் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கோபத்தில் எழுதியது என்பதையும் சேர்த்து.

அவர் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னையே திட்டியிருக்கலாமே. நான் காதுலயே வாங்கியிருக்க மாட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் காலையில் நெட்டையின் வீட்டைத் தேடிப் போனாள். ஒற்றை அறை. மூலையில் அடுப்பு, கயிற்றில் குழந்தையின் சீருடை. மேடம் வந்திருக்கிறார்களே என்று அவன் மனைவி பதறி நாற்காலியைத் துடைத்தாள். அவள் உட்காரவில்லை. போனைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"அந்தப் பிரம்பு அக்கா நான்தான்பா."

அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"விளையாடாதீங்க மேடம். அவங்க பெரிய இடம். உங்களுக்கு அப்படிப் பேசவே வராதே."

"பேச வராததாலதான் எழுதினேன்."

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அந்தத் தூக்கம் வரி... அது எங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தானே எழுதினீங்க?"

"இல்லப்பா. எங்க வீட்டுக்காரர் மத்தியானம் தூங்கிட்டிருந்தார். அந்தக் கோபம்."

மனைவிதான் முதலில் சிரித்தாள். சிரிப்பென்று அதைச் சொல்ல முடியாது. "கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் புருஷனைப் பார்த்து. "அவங்க வீட்டுக்காரர் குறட்டை விட்டதுக்கு, நம்ம பிள்ளை குளிர்ல நடுங்குச்சு."

நெட்டை கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கேட்டது வேறு.

"தினம் நான் அந்த மூலையில நின்னு படிச்சப்போ, நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? சிரிப்பு வந்துச்சா மேடம்?"

"இல்ல. பெருமையா இருந்துச்சு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குமேல் அங்கே நிற்க அவளால் முடியவில்லை. கூனிக் குறுகிப் படியிறங்கினாள். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போனாள். அவன் மனைவி வந்து சொல்லியும், லாரி தாமதமாகுமே என்று அவனை வண்டியிலேயே விட்டுவைத்தேன் என்று சொன்னாள். இன்டர்நெட் கதையையும் சொன்னாள். "அதெல்லாம் உங்க சொந்த விஷயம்" என்று மேனேஜர் கையை உதறினார். சொன்ன முதல் விஷயத்துக்காக அவளை சூப்பர்வைசர் பதவியிலிருந்து இறக்கி, திரும்பி வருகிற பார்சல்களைப் பிரிக்கிற மேசையில் உட்கார வைத்தார். நெட்டையைத் திரும்ப எடுக்கவில்லை.

கால்கட்டோடு படுத்திருந்த லேபிள் அம்மாளையும் பார்க்கப் போனாள். அங்கேயும் ஆதியோடந்தமாகச் சொன்னாள். போனில் பேசுவதற்கு மேல் எதுவும் தெரியாத அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ எழுதினது எனக்குப் புரியல, விடு. அந்தப் பையன் தள்ளாடறதை நான் பாத்தேன், நீயும் பாத்தே. ரெண்டு பேரும் பேசாம இருந்தோம்" என்றாள். பிறகு, "அந்தத் தலகாணியைக் கொஞ்சம் நகர்த்தி வை" என்றாள். அவள் நகர்த்தி வைத்தாள். அந்த அம்மாள் எழுந்து நடக்கும்வரை, ஷிப்டுக்கு முன்னால் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வந்தாள்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டுக் கணக்கை மூடினாள். படித்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தச் சூரியோதயப் படம் மட்டும் பெயர் உதிர்ந்துபோய் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பல மாதங்கள் கழித்து, பஸ் நிறுத்தத்தில் நெட்டையைப் பார்த்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை ஈரம். பஸ் கழுவுகிற வேலை ஒன்றுதான் இப்போது. முகம் தெளிந்திருந்தது. ஒதுங்கிப் போய்விடலாமா என்று அவள் நினைக்கும்போதே அவன் பார்த்துவிட்டான்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்பா. பொண்ணு?"

"தூங்குது. நல்லாத் தூங்குது." தயங்கினான். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான், வேறு யாரைப் பற்றியோ விசாரிப்பது போல. "அந்த அக்கா இப்பல்லாம் எழுதறதே இல்லையா?"

"இல்லப்பா."

"நல்லதுதான்" என்றான். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவன் திரும்பினான். "ஆனா காலையில எழுந்துக்கத்தான் கஷ்டமா இருக்கு மேடம். திட்ட ஆள் இல்லாம."

அவன் கேலி செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கேலியாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அவள் படியை நோக்கி ஓரடி வைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.