கடைசி நிமிஷத்துக் கோல்கீப்பர்

பொன்சாமி எங்கள் சபேட்டோ ஊர்க் கால்பந்து அணியில் பதினேழு வருஷம் இருந்தான். அந்தப் பதினேழு வருஷத்தில் அவன் மைதானத்துக்குள் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் மூன்று முழு ஆட்டம்கூடத் தேறாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், மிச்ச நேரமெல்லாம் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். என் பெயர் அப்பல்சாமி. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக், ஆடச் சொன்னால்.

பொன்சாமிக்கு வேலை நாந்தி விமான நிலையத்தில். பெட்டிகளை விமானத்தில் ஏற்றுகிற வேலை. ஷிஃப்ட் முடிந்தால் அப்பாவின் கரும்புத் தோட்டம், தோட்டம் முடிந்தால் சாக்கர். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை என்றால் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கும். வருஷம் முழுவதும் என்ன ஆடினாலும் எங்கள் கண்ணெல்லாம் ஈஸ்டர் மேலேதான். ஈஸ்டர் விடுமுறையில்தான் தென்னிந்தியச் சங்கத்து ஊர்களெல்லாம் கூடி மோதும். மதராஸிலிருந்து இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அதில் ஆடுவார்கள். மைதானத்தில் நாங்கள் பேசுவது பாதிக்கு மேல் ஹிந்தி. இங்கே தமிழாகவே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் பாவம்.

எண்பத்து நாலில் லம்பாசாவில் அரையிறுதி. எங்கள் கோல்கீப்பர் ரூபர்ட். கத்தோலிக்கக் குடும்பம், ஆறடிக்கு மேல் உயரம், அந்த வட்டாரத்தில் அவனுக்கு நிகரான கீப்பர் கிடையாது. கூடுதல் நேரம் முடியப் போகிறபோது கம்பத்தில் மோதி விரலை முறித்துக்கொண்டான். அடுத்தது பெனால்டி. பெஞ்சில் கீப்பர் என்று இருந்தது பொன்சாமி ஒருத்தன்தான். அவன் உள்ளே போய் மூன்று பெனால்டியைப் பிடித்தான்.

எங்கள் கோச் கோவிந்தசாமி மாஸ்டர், பள்ளிக்கூட வாத்தியார். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார்: ஆட்டம் ரூபர்ட்டுக்கு, பெனால்டி பொன்சாமிக்கு. ஆட்டம் சமனில் போனால், கடைசி நிமிஷத்தில் ரூபர்ட் வெளியே, பொன்சாமி உள்ளே. ரூபர்ட்டுக்கு இது பிடிக்கவே இல்லை. நூற்றுப் பதினெட்டு நிமிஷம் காத்தவன் அவன், மாலை விழுவது இவன் கழுத்தில். வெளியே வந்ததும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நேரே பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொள்வான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"உனக்குக் கூச்சமா இல்லையாடா, கடைசில மட்டும் வந்து நிக்க?" என்று ஒரு தடவை பொன்சாமியிடம் கேட்டேன்.

"டாக்டர் கடைசிலதான் வர்றாரு. அவரு கூச்சப்படுறாரா?" என்றான்.

திமிர் என்று நினைக்க வேண்டாம். அவன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்ததே இல்லை. எதிரணியில் ஒவ்வொருத்தனும் அவசரத்தில் எந்தப் பக்கம் பந்தைத் தள்ளுகிறான் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். பெனால்டி வந்ததும் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு போய் அடிக்கிறவன் கையில் கொடுப்பான். கொடுக்கும்போது மெதுவாக, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பான். எங்கள் ஜனத்தில் எவன் எவனுக்கு உறவு என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மாவைக் கேட்டால் மரியாதை தெரிந்தவன் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பதில் சொன்னதும், முதலில் நினைத்து வைத்திருந்த மூலை மறந்துபோய், கால் பழகின பக்கமே அடிப்பான். பொன்சாமி அங்கே ஏற்கெனவே விழுந்திருப்பான். நடுவர்கள் சிலபேர் எச்சரித்திருக்கிறார்கள். "நலம் விசாரிக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?" என்று கேட்பான்.

எண்பத்தேழு மே மாதம் ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து, எங்கள் ஆட்கள் நிறைய இருந்த அரசைக் கவிழ்த்தது. செப்டம்பரில் மறுபடியும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பந்தை உதைத்தாலே குற்றம் என்று சட்டம் வந்தது. எங்கள் ஆட்களுக்கு அது போதுமாக இருந்தது. வாத்தியார், குமாஸ்தா, மெக்கானிக் என்று கையில் படிப்போ தொழிலோ இருந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். எண்பத்தெட்டில் ரூபர்ட் ஆக்லாந்துக்குப் போனான். எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அன்றைக்குப் பொன்சாமிக்கு ஷிஃப்ட். பெட்டியில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து, அவனே தூக்கி விமானத்துக்குள் வைத்தானாம். "கனமா இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறான்" என்றான்.

இனி பொன்சாமிதான் முழுக் கீப்பர் என்று ஊரே பேசிக்கொண்டது. மாஸ்டரும் நிறுத்திப் பார்த்தார். முதல் பாதியிலேயே நாலு கோல். உயரப் பந்துக்கு எம்பத் தெரியாது, முன்னால் ஓடி வரத் தெரியாது. இடைவேளையில் அவனே கையுறையைக் கழற்றிக் கொடுத்தான்.

"இது என் வேலை இல்ல மாஸ்டர். என் வேலை எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க வேற ஆளைப் பாருங்க."

மாஸ்டர் பார்த்தார். அடுத்த பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து கீப்பர்கள் வந்தார்கள். நாலு பேர் சிட்னிக்கும் வான்கூவருக்கும் போய்ச் சேர்ந்தார்கள், ஐந்தாவது ஆள் பிரனில் மட்டும் மிச்சம். பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

இரண்டாயிரம் மே மாதம் மறுபடியும் துப்பாக்கி, மறுபடியும் ஊரடங்கு. இந்தத் தடவை பொன்சாமியின் மனைவி ஜான்கி யாரையும் கேட்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆக்லாந்துக்கு எழுதிப் போட்டாள், வேலை கிடைத்தது, பேப்பர் வந்தது. ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை குடும்பத்தோடு கிளம்ப டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

"ஈஸ்டர் வரைக்கும் விட்டுவச்சேனே, அதுவே பெரிசு" என்று என்னிடமே சொன்னாள்.

ஆக, 2001 ஈஸ்டர்தான் அவனுக்குக் கடைசி. அவன் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வாரம் மட்டும் பஸ்ஸில் என் காதோரம் சொன்னான்: "ஒரு தடவை உள்ள போயிட்டுப் போகணும்டா, அப்பல். அவ்வளவுதான்."

ஆனால் காலிறுதியில் பெனால்டி வரவில்லை, அரையிறுதியிலும் வரவில்லை. இரண்டிலும் நேராகவே ஜெயித்துத் தொலைத்தோம். திங்கட்கிழமை நாந்தியில் இறுதி ஆட்டம். எதிரே யார் என்றால் ஆக்லாந்து அணி. போனவர்கள் எல்லோரும் அங்கே சங்கம் வைத்து, ஈஸ்டருக்கு அணி கட்டிக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டிருந்தது. அதில் பாதிப்பேர் எங்கள் ஊர்க்காரர்கள். கோலில் ரூபர்ட். முப்பத்தெட்டு வயசு, தலை நரைத்திருந்தது, கை மட்டும் அதே நீளம்.

மாஸ்டர் முந்தின நாளே பொன்சாமியைக் கூப்பிட்டார். "நாளைக்கு முதல்லேர்ந்து நீ நில்லு. பிரியாவிடைன்னு வச்சுக்க."

"பிரியாவிடைக்காகக் கப்பைத் தூக்கிக் குடுக்கவா மாஸ்டர்? பிரனில் நிக்கட்டும். பெனால்டி வந்தா நான் இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். கையில் வந்ததைத் தட்டிவிட்டு, வருமோ வராதோ என்ற பெனால்டிக்குக் காத்திருக்கிறானே!

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்திலும் அதே. மாற்று ஆட்கள் மூன்றில் இரண்டு பேரை இறக்கியாகிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாவது நிமிஷத்தில் எங்கள் பேக் ஷிவ்னீல் கால் பிடித்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தான். மாஸ்டர் என்னைப் பார்த்தார். பேக் இடத்துக்கு நான்தானே மாற்று. ஆனால் நான் இறங்கிவிட்டால் பொன்சாமிக்கு இடமில்லை. பதினேழு வருஷத்தில் ஈஸ்டர் இறுதி ஆட்டத்தில் எனக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைத்ததில்லை. நான் ஷூ லேசை அவிழ்த்துவிட்டுக் குனிந்துகொண்டேன். மாஸ்டருக்குப் புரிந்தது. "பொன்சாமி, ரெடியாகு" என்றார்.

நூற்றுப் பதினேழில் பொன்சாமி கோட்டோரம் போய் நின்றான். ஆனால் பந்து வெளியே போனாலோ நடுவர் விசில் அடித்தாலோதான் ஆளை மாற்ற முடியும். ஆக்லாந்துக்காரர்களுக்கு அது தெரியாதா? அவர்களின் கேப்டன், பொன்சாமியைக் கண்டதும் கத்தினான்: "பந்தை வெளிய விடாதீங்க! அவன் உள்ள வரக் கூடாது!"

பந்து அவர்கள் காலிலேயே சுற்றியது. எங்கள் ஆட்கள் வெளியே உதைக்கலாம் என்றால் பந்து கிடைத்தால்தானே. நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பத்தொன்பது. ஒரு வழியாகப் பந்து எங்களுக்குக் கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் எங்கள் ஆள் வெளியே தட்டுவதை மறந்து கோலைப் பார்த்து அடித்தான். முட்டாள். ரூபர்ட் அதைச் சுலபமாகப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முடிந்தது கதை என்று நான் தலையில் கை வைத்தேன்.

ரூபர்ட் நிமிர்ந்து கோட்டோரம் பார்த்தான். பொன்சாமி கையுறை மாட்டியபடி நின்றிருந்தான். அவர்கள் கேப்டன், "பிடிச்சுக்க! பிடிச்சுக்க!" என்று அலறுகிறான். ரூபர்ட் இரண்டடி முன்னால் வந்து, பந்தை ஒரே வீச்சில் எங்கள் பெஞ்சு வரைக்கும் வெளியே எறிந்தான்.

நடுவர் விசில் அடித்தார். பிரனில் வெளியே ஓடி வந்தான், பொன்சாமி உள்ளே போனான்.

ரூபர்ட் தோற்றுக்கொடுக்க வந்தவன் இல்லை. எங்கள் மூன்றாவது பெனால்டியை அவன் பாய்ந்து தட்டியதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பொன்சாமியும் அவர்களின் இரண்டாவதைப் பிடித்திருந்தான். நாலு நாலு அடித்து மூன்றுக்கு மூன்று. அவர்களின் ஐந்தாவது ஆள் அந்தக் கேப்டன். பொன்சாமி பந்தைக் கொடுத்து அம்மாவைக் கேட்டான். கேப்டனுக்கு இந்த வித்தை தெரியும், பதில் சொல்லாமல் பந்தைப் பிடுங்கிக்கொண்டான். பொன்சாமி எந்தப் பக்கமும் விழவில்லை. நடுவிலேயே நின்றான். பந்து நேரே வந்து அவன் வயிற்றில் மோதி அவன் கைக்குள் அடங்கியது.

"பதில் சொல்லலேன்னா கோபம்னு அர்த்தம். கோபக்காரன் நடுவுலதான் அடிப்பான்" என்று பிறகு சொன்னான்.

எங்கள் ஐந்தாவது ஆள் அடித்தான், ரூபர்ட் கையில் உரசி உள்ளே போனது. கப் எங்களுக்கு. நான் குழந்தை மாதிரி அழுதேன், வெட்கமில்லை.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் அவர்கள் கேப்டன் ரூபர்ட்டை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டான். "பந்து உன் கையில இருந்துச்சே! ஏன் வெளிய போட்ட?"

ரூபர்ட் பொறுமையாகத்தான் பேசினான். "பதிமூணு வருஷமா அங்க நம்ம கோலுக்கு நான் ஒருத்தன்தான். பெனால்டி வந்தாலும் நான், கை வீங்கினாலும் நான். எனக்குப் பின்னால ஒருத்தன் இருக்கான்னு தைரியமா நின்னது இந்த டீம்ல மட்டும்தான். அப்ப அது எனக்குத் தெரியல. அவனை வெளிய நிக்க வச்சுக் கப் வாங்கி நான் என்ன பண்ண?"

பிறகு பொன்சாமி பக்கம் திரும்பினான். "எங்க பெஞ்சு காலியாத்தான் கிடக்கு. வர்றியா?"

"பெனால்டிக்கு மட்டும்தான்" என்றான் பொன்சாமி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகிறவனுக்கு அங்கே இடம் தயார், நல்லது. இங்கே எங்களுக்குப் பின்னால் யார் என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லையே என்று வயிறு எரிந்தது. பொறாமைதான், ஒளிப்பானேன்.

கோவிந்தசாமி மாஸ்டர் தனியாகப் பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போனேன்.

"மாஸ்டர், அடுத்த ஈஸ்டருக்குப் பெனால்டிக்கு நான் நிக்கிறேன்."

நான் ஒரு நாளும் கோலில் நின்றதில்லை. ஆனால் பொன்சாமி பெஞ்சிலிருந்து பார்த்ததையெல்லாம் பதினேழு வருஷம் நானும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மாஸ்டர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சாக்கைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"கிளவுஸ் என்ன சைஸ்?" என்று கேட்டார்.