விட்பி முகவரி

அப்பா ஆங்கிலத்தில் முகவரி எழுதும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மன்னாரில் தபாலதிபராக இருந்தவர். அந்த அழகான எழுத்தில்தான், தான் வசிப்பது விட்பியில் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். கனடாவுக்கு வந்த நாள் முதல் அவர் இருந்தது வோபர்னில், என் வீட்டில். விட்பியில் இருப்பது அண்ணையின் வீடு. ஞாயிறு பூசைக்குப் பிறகு சாப்பிடப் போய்வருகிற இடம்.

இது எனக்குத் தெரியவந்தது வருமானவரிக் கணக்குக் கொடுக்கப் போன இடத்தில். எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாக அதைச் செய்கிற அங்கிள் என் கடதாசிகளைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, அப்பாவை நீர் உம்மட கணக்கில போடேலாது. அண்ணை போட்டிட்டார். ஒரு ஆளை ரெண்டு பேர் போட விடமாட்டாங்கள். ஆர் கூட வச்சிருக்கினமோ அவைதான் போடலாம்.”

“என்னோடதானே அங்கிள் இருக்கிறார்!”

அண்ணை கொடுத்திருந்த அப்பாவின் கடிதத்தை அவர் திருப்பிக் காட்டினார். அண்ணை விவாகரத்தானவர், நான் மணமாகாதவள்; கூட வைத்துப் பராமரிக்கும் தகப்பனைக் காட்டி வரிச்சலுகை கேட்க இருவருக்குமே வழி இருந்தது. அண்ணை செய்தது அதிசயமில்லை, அவர் அப்படித்தான். ஆனால் ஒரு கடிதத்தையும் வீடு மாற்றிக் கொடுக்காத மனிதர் தன்னையே மாற்றிக் கொடுத்துவிட்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அப்பா தடுமாறக்கூட இல்லை.

“அவன்தானே பிள்ளை என்னைக் கூப்பிட்டவன்.”

ஒருவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து எடுப்பதைத்தான் இங்கே கூப்பிடுவது என்போம். புதிதாக வந்த தாய் தகப்பனைக் கோயில் வாசலில் கண்டால், யாரோடு இருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. “ஆர் கூப்பிட்டது?” என்றுதான் கேட்பார்கள். என் சம்பளத்துக்கு அனுமதி கிடைத்திராது, அண்ணை கூப்பிட்டார். அதோடு அவர் வேலை முடிந்தது. குளிக்க வார்ப்பதும், லீவு போட்டுவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போவதும் என் வேலை.

“அப்ப நான் ஆர், அப்பா?”

“நீ எங்க போகப்போறாய்? அவன் கோவிச்சால் வரமாட்டான்.”

உண்மையை எழுதித் தந்தால் மாற்றலாம் என்று அங்கிள் சொல்லியிருந்தார். வெள்ளைத்தாளையும் பேனையையும் அப்பா முன் வைத்தேன். மூன்று நாள் அப்படியே கிடந்தன. நான்காம் நாள் எழுதாத தாளை நானே எடுத்து உள்ளே வைத்தேன்.

இப்போதும் என்னோடுதான் இருக்கிறார். சாப்பாட்டிலோ மருந்திலோ நான் குறை வைப்பதில்லை. மேசையில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு, “சாப்பாடு போட்டிருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். அப்பா என்று கூப்பிட மட்டும் வாய் வருவதில்லை.