லோரோங்குக்குத் தெரியாமல் ஒரு கேஸ் கிரில்

இன்று ஈப்போ டவுனுக்குப் போய் மீன் சுட ஒரு கேஸ் கிரில் வாங்கினேன். எப்போதாவது ஒரு ஞாயிறு சுடுவேன், அவ்வளவுதான்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே நாலு பர்னர் வைத்த கிரில்லைத் தட்டிக் காட்டினார்.

"அண்ணே, இது பெசார், பெரிசு! பாகுஸ், நல்ல சாமான் லா! பத்து பேர் சாப்பிடலாம்."

"அதனாலதான் வேணாம் தவுக்கே. இருக்கிறதுலயே சின்னதக் கொடுங்க."

எங்கள் புந்தோங் பகுதியில் இருப்பவர்களுக்குக் காரணம் புரியும். தோட்டத்து லய வீடுகளை விட்டு வந்தும் எங்கள் லோரோங்குக்கு, இந்தச் சந்துக்கு, எல்லாம் எல்லோருக்கும் என்ற பழக்கம் போகவில்லை. பெரிய சாமான் எதுவும் வாங்கியவனுக்குச் சொந்தமில்லை. என் அண்டாவையே நான் அடுத்தவர் வீட்டு விருந்தில்தான் பார்க்கிறேன். கிரில்லாவது எனக்கே இருக்கட்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். விலையும் பாதிதான்.

தவுக்கே முகம் சுளித்தார். நான் அசையவில்லை. ஒற்றை பர்னர் கிரில்லை மோட்டார் சைக்கிளில் கட்டி, கோணியைப் போர்த்திக் கொண்டுவந்தேன்.

எதிர்வீட்டு முனியம்மா அக்கா வாசலிலேயே மறித்து, கோணியைத் தூக்கிப் பார்த்தார்.

"கிரில்லா தம்பி? நல்லவேளை, சின்னதா வாங்குன. பெரிசுன்னா தூக்க ரெண்டு ஆளு வேணும். இத நானே தூக்கிருவேன் லா!"

தூக்கிக்கொண்டும் போய்விட்டார். நாளைக்குக் கோப்பெங் ஊரிலிருந்து அவர் மருமகன் வருகிறாராம்.

என் மனைவி சரோஜா இன்னும் சிரித்து முடிக்கவில்லை. சிரிக்கட்டும். நாளைக்கு மீனோடு போய் அக்கா வீட்டில் உட்காரப்போகிறேன். மருமகனுக்குச் சுடுவதற்கு முன்னால் என் மீன்தான் வேகும்.

யாராலும் தூக்க முடியாத சின்ன கிரில் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.