அக்காவும் அந்த ஏரித் தண்ணீரும்

அம்பாளை வணங்கித்தான் எழுதத் தொடங்குகிறேன். ஆனால் மனத்தில் சாந்தம் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தைப் பொறுக்கும்படி கேட்கமாட்டேன்.

இறந்தவரின் நினைவு மலர்ப் புத்தகத்தை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதுதான் வழக்கம். நான் இதை அக்காவின் சாம்பலோடு ஏரிக்கரைக்குப் போக முன்னமே தருகிறேன். வாசித்துவிட்டுக் காரில் ஏறுங்கள்.

அக்கா அளவெட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தனியாக ரொறன்ரோ வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்து, ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்து, அப்பாவையும் என்னையும் கனடாவுக்குக் கூப்பிட்டார். கல்யாணம் செய்யவில்லை. அதைப் பற்றிக் கதைத்த சொந்தக்காரரில் ஒருவர்கூட அவருக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கவில்லை.

அப்பாவின் அந்தியேட்டியன்று சாம்பலை ஏரியில் கரைத்தேன். அதோடு நிற்கவில்லை. அப்பா பாவித்தவை அப்பாவோடு போகட்டும் என்று மூக்குக்கண்ணாடி, செருப்பு, பாதி முடிந்த மருந்துப் போத்தல்கள் எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் பையில் கட்டி எறிந்தேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குளிர் தண்ணீருக்குள் இறங்கி, அந்தப் பையை எடுத்து வந்தார்.

"உவளுக்கென்ன விசரோ? சித்தப்பாவை மேல போக விடாமல் மறிக்கிறாள்," என்றார் எங்கள் பெரியப்பாவின் மகன் பெரியண்ணை.

"அப்பா போயிட்டார், அண்ணை. உந்த மருந்துதான் போகேல்லை," என்றார் அக்கா. "இந்தத் தண்ணியைத்தான் பைப்பிலை குடிக்கிறம்."

எல்லாருக்கும் முன்னால், "இனி என்ர வீட்டு வாசல் மிதியாதை," என்று சொன்னேன். இரண்டு வருடம் அவரோடு கதைக்கவில்லை.

அக்கா அந்த இரண்டு வருடமும் சனிக்கிழமை தோறும், தான் இருந்த மோர்னிங்சைட் மாடிக் கட்டடத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். பதினைந்து நிமிட நடையில் ஓர் ஆறு ஓடுவது தெரியாமலே பல வருடம் இருந்தவர்கள் அவர்கள். சல்மன் மீன்கள் நீரை எதிர்த்து ஏறுவதைக் காட்டினார். கரைக் குப்பையையும் பொறுக்கவைத்தார். அதில் பாதி எங்கள் ஆட்கள் சடங்கு முடித்து எறிந்த மாலையும் சட்டியும்.

"உன்ர அக்கா என்ர மனுசியைக் காட்டுக்குள்ள கொண்டு திரியிறா. குப்பை பொறுக்கித்தான் சீவிக்கோணுமோ? அரசாங்கம் தாற வெல்ஃபெயார் காசு காணாதோ?"

இப்படி எனக்கு ரெலிபோன் எடுத்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் இந்த மலர் கிடைக்கும். "நான் அவவோடை கதைக்கிறேல்லை," என்று சொல்லித் தப்பியவன் நான். என்னையும் உங்களோடு சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

புற்றுநோய் என்று கேள்விப்பட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வந்திட்டியோ? இரு. வெளியிலை குளிரோ?" என்று மட்டும் கேட்டார். பிறகொரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, என்னைக் கரைக்கேக்கை சாம்பலும் எள்ளும் பூவும் போதும். வேற ஒண்டும் எறிய விடாதை," என்றார். அவர் நெற்றியில் விபூதி பூசிய கையாலேயே சத்தியம் செய்து கொடுத்தேன். நான்கு நாளில் அம்பாள் அவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

செத்த வீட்டிலேயே பெரியண்ணை தொடங்கிவிட்டார். "தனிக்கட்டையாய்ச் செத்தவள். சடங்கிலையும் குறைச்சால் ஆத்மா அலையும். ஏரியிலை விட மாலை, பாத்திரம், உடுப்பு எல்லாம் நாங்கள் கொண்டருவம்."

நான் ஐயரிடம் போய்க் கேட்டேன். பிளாஸ்ரிக் மாலை எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை என்றார். அக்கா அலைந்தது உயிரோடு இருந்தபோதுதான். அப்போது உங்களில் யாருக்கும் கவலை வரவில்லை.

மலர்வளையம் அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்வார்கள். நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் அனுப்பினீர்கள். முறை வைத்துக் கஞ்சி காய்ச்சி ஆஸ்பத்திரிக்கு அக்காவுக்குக் கொண்டுபோன அந்தச் சனிக்கிழமைப் பெண்களுக்குக் கைகூப்புகிறேன். அம்பாள் அவர்களைக் காக்கட்டும்.

பெரியண்ணை, எங்களுக்குள் நீங்கள்தான் மூத்தவர். கரையில் முன்னுக்கு நில்லுங்கள், தேவாரத்தையும் நீங்களே பாடுங்கள். ஆனால் கார் டிக்கியில் உள்ளதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். யாராவது ஒரு பையைத் தூக்கினாலும் நான் அக்காவின் சாம்பலைக் கரைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அது பாவமென்றால் என் தலையில் இருக்கட்டும்.

தம்பி