மைக்கை அணைத்துவிட்டுப் பாடியவர்

ஃபிரிட்ஜின் விலாவில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். உள்ளே மோட்டார் உறுமுகிறது. இவருடைய வலது கால் அதற்குத் தாளம் போடுகிறது. வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "என்னங்க, தேறுமா தேறாதா?" என்கிறார். "இருங்க, ஒரு சுத்து முடியட்டும்" என்று பதில் வருகிறது.

பகலில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மற்ற நேரத்தில் ஒரு பாட்டுக் குழுவின் டிரம்மர். எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், தாங்களே பாட்டெழுதி, தாங்களே பதிவு செய்து, பதினெட்டு வருஷமாகக் காலம் தள்ளும் குழு அது. நண்பர்கள் இவருக்கு வைத்த பெயர் டமாரம். வைத்தவர்களுக்கு நல்ல குறும்பு. மனிதர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போல இருப்பார். கேட்டால், "அதான் கை பேசுதே" என்பார்.

பாடுபவருக்குத் துணையாகப் பின்குரல் கொடுப்பதும் அவர் பொறுப்புதான். எதிரே மைக் இருக்கும், உதடும் ஒழுங்காக அசையும். ஆனால் மேடை ஏறியதும் முதல் வேலையாக மைக்கை அணைத்துவிடுவார். ஒருமுறை ஒலிப்பதிவில் தன் குரலைத் தனியாகக் கேட்டுத் தொலைத்ததன் விளைவு. "தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்கு" என்று முடிவு கட்டியவர், அன்றிலிருந்து வெறும் வாயசைப்பிலேயே கூட்டத்தைச் சமாளித்து வந்தார். நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

இப்போது குழுவில் மூன்று பேர் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். மிஞ்சியது இவரும், கிட்டார் வாசித்துப் பாடும் இவருடைய அக்காவும். இரண்டு பேராகவே ஒரு கச்சேரி செய்து பார்ப்பது என்று அக்கா தீர்மானித்தார். புத்தகக் கடையின் மாடி அறை, முப்பது நாற்காலி, மைக் கிடையாது.

"சரிப்பட்டா தொடருவோம். இல்லன்னா மூட்டை கட்டிடலாம்டா."

"நீ பாடு, நான் தட்டறேன்."

"சரணத்துல மேல போற எடம் எனக்கு இப்ப எட்டல. அத நீதான் பாடணும்."

"அக்கா, என் கொரல்..."

"உன் மைக் ஆஃப்ல இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சவுண்டுக்காரர் மொத வருஷமே சொல்லிட்டாரு."

டமாரத்துக்கு முகம் செத்துப்போனது. "அப்பவே ஏன் கேக்கல?"

"அப்ப என் கொரலே போதுமா இருந்துச்சு."

அந்த அறையில் டிரம் செட்டுக்கு இடமில்லை. அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அதையே கையால் தட்டினார். முன்வரிசைக்காரரின் முட்டி அக்காவின் முட்டியை இடிக்காத குறை. யார் இருமினாலும் எல்லாருக்கும் கேட்டது.

சரணம் மேலே ஏறும் அந்தப் பாட்டு வந்தது. அக்கா சரணத்தின் பாதி வரை பாடி நிறுத்திக்கொண்டார். கிட்டார் மட்டும் ஒரு சுற்று வந்தது. டமாரம் தட்டிக்கொண்டே இருந்தார். இன்னொரு சுற்று. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இவருக்குக் காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று வந்தது. மூன்றாவது சுற்றில் பாடினார். முதல் சொல் உடைந்துதான் விழுந்தது. அடுத்த வரி கரகரவென்று மேலேறி, அக்காவுக்கு எட்டாத இடத்தில் போய் நின்றது. டப்பாவில் கல் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் ஒருவரும் அசையாமல் கேட்டார்கள்.

கைதட்டல் அடங்கியதும் அக்கா, "அடுத்து எதுடா?" என்று மெல்லக் கேட்டார்.

டமாரம் எழுந்து, பெட்டியை இழுத்து வந்து, அக்காவின் நாற்காலிக்குச் சமமாகப் போட்டு உட்கார்ந்தார்.