நேரத்தைச் சொல்லிவிட்டுக் கதவை அடைத்துக்கொள்ளுங்கள்

முதல் அறிகுறி எது என்று என்னால் சொல்ல முடியாது. ஊருக்குத் தெரிந்த நாள் மட்டும் ஒன்று உண்டு. ராயபுரத்தில், எங்கள் குப்பத்து மணலில், மீன் அரியும் கத்தியால் என் புருஷனின் வலையைக் கிழித்தேன். பிறகு அதே கத்தியை என் இடது முன்கையில் இழுத்தேன். சுதந்திரம் வந்து இரண்டு மழைக்காலம் கழிந்திருந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று எங்கள் குப்பத்தில் கேட்கக் கூடாது. அவரும் சொல்ல மாட்டார். நேரம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்ப மாட்டார் என்று ஒரு பயம். மற்றப் பெண்கள் அதைப் பொறுத்துக்கொண்டு கூடையோடு வேலைக்குப் போனார்கள். எனக்கோ யார் கண்மறைவாகப் போனாலும் இனி வரவே மாட்டார்கள் என்றே தோன்றும். அன்று மூன்று முறை கேட்டேன். அவர் கட்டுமரத்தைத் தள்ளப் போனார். அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

மாஜிஸ்திரேட் உத்தரவோடு மதில் சூழ்ந்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதன் பெயர் வேண்டாம். கண்ணாடி போட்ட இளம் டாக்டர் என்னை விட்டுவிட்டு என் புருஷனிடம் பேசினார்.

“இது பைத்தியம் இல்லை. குணக் கோளாறு (புத்தி தெளிவாக இருக்கும், பயமும் கோபமும் அளவு மீறி உறவுகளை முறிக்கும்). இதற்கென்று மருந்து கிடையாது. சில மாதம் இங்கே இருக்கட்டும்.”

“கொணமே கோளாறுன்னா, அப்பால எங்கிட்ட இன்னா மிச்சம் கீது டாக்டரு?” என்று கேட்டேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வார்டைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். கஞ்சி சூடாக வந்தது. யாரும் அடிக்கவில்லை. ரூபி என்ற நர்ஸம்மா என் காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, “நாளைக்கு எட்டு மணிக்கு வருவேன்” என்பார். மறுநாள் எட்டு மணிக்கு வந்து நிற்பார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசிப் பார்த்தேன். அடுத்த நாளும் எட்டு மணிக்கு வந்தார்.

ஒரு நாள் வரவில்லை. விடுப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கஞ்சித் தட்டை எறிந்தேன். பாரால்டிஹைடு (தூங்கவைக்கும், நாற்றமடிக்கும் மருந்து) புகட்டி, தனியறையில் பூட்டினார்கள்.

தட்டை எறிந்தது தப்பு. பூட்டியதைக்கூட ஒத்துக்கொள்கிறேன். “எப்ப தொறப்பீங்கோ?” என்று கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நகர்ந்து போனது. வீட்டில் துறைமுகத்துச் சங்கு ஊதினால் மணி தெரியும். அந்த அறைக்குச் சங்கு எட்டாது. ஆறிவந்த காயத்தை நானே கடித்துத் திறந்துவிட்டேன். ஒரு பகல்தான் உள்ளே இருந்தாய் என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் நாலு வயது மகள் செல்வி வளர்ந்து, என் முகத்தை மறந்திருப்பாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஐந்தாம் மாதம் என்னை அனுப்ப டாக்டர் சம்மதித்தார். அன்று பார்வையாளர் குழு (வெளியிலிருந்து வந்து நோயாளிகளின் குறை கேட்கும் பெரிய மனிதர்கள்) வருகிற நாள். அவர்கள் போனதும் கையெழுத்து ஆகும். செல்வியோடு வாசலில் காத்திருந்த என் புருஷன் முந்தைய வாரமே எச்சரித்திருந்தார்.

“வாயைத் தொறக்காதமே. திருப்தின்னு மட்டும் சொல்லு. வூட்டுக்கு இட்டுக்கினு பூடறேன்.”

வரிசையாக நிறுத்தினார்கள். “திருப்தியாக இருக்கிறீர்களா? குறை உண்டா?” என்று ஒரு பெரியவர் ஒவ்வொருத்தியாகக் கேட்டு வந்தார். எல்லாரும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். என் முறை வந்தபோது தனியறைக் கதவை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள். முந்தைய நாள் வந்த பெண். “எப்ப தொறப்பீங்க?” என்று அழுதாள்.

செல்வியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். முடியவில்லை.

“கஞ்சிக்குத் திருப்தி. ரூபியம்மாக்கு ரொம்பத் திருப்தி. அந்த ரூம்ல கீறவளுக்கு எப்ப தொறப்பீங்கன்னு யாராச்சும் சொன்னீங்களா? அடைக்கறதுன்னா அடைச்சிக்கோ. நேரத்தைச் சொல்ட்டு அடை!”

அலைச்சத்தத்துக்கு மேலே மீன் விற்றுப் பழகிய குரல் என்னுடையது. மேட்ரன் (தலைமை நர்ஸ்) நோட்டில் “கிளர்ச்சி” என்று எழுதினார். விடுதலை நின்றுபோனது. ஜன்னல் கம்பி வழியே, என் புருஷன் செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடப்பதைப் பார்த்தேன். கை என்னையறியாமல் வாய்க்குப் போனது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

“எத்தினி நாளு?”

“பார்க்கலாம்.”

“பாக்கலாம்னா எத்தினி நாளு டாக்டரு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருபத்தொரு நாள்.”

“இத்த என் புருசன்கிட்டயும் சொல்லு. அவுரும் நேரம் சொல்லக் கத்துக்கட்டும்.”

இரண்டு நாள் கழித்துத் தனியறை வாசலில் ரூபியம்மாவின் குரல் கேட்டது: “நாலு மணிக்குத் திறப்பேன், அம்மா.” தட்டுகிற சத்தம் நின்றது. நான் படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இருபத்தோராம் நாள் கேட் திறந்தது.

வீடு திரும்பியதும் நோய் தீர்ந்துவிடும் என்று உங்களில் யாராவது நம்பியிருந்தால் மன்னியுங்கள். என் புருஷன் மறுபடி கடலுக்குப் போன முதல் காலையில் எனக்குக் குளிர்ஜுரம் போல உடம்பு உதறியது. நான் நேரம் கேட்கவில்லை. அவரோ துடுப்பைப் பார்த்தபடி, வேறு யாருக்கும் கேட்காத குரலில், “மத்தியானச் சங்குக்குள்ள வந்துடுவேன்” என்றார். சொல்லும்போது பயத்தில் அவர் முகம் வெளுத்திருந்தது.

சங்கு ஊதியது. கடலில் பாய் ஒன்றும் தெரியவில்லை. நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். கத்திப்பிடி உள்ளங்கையில் வழுக்கியது. எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கத்தியைக் கொடுத்தேன்.

“இன்னாத்துக்குமே?”

“அவுரு வர்றவரிக்கும் நீயே வெச்சிரு.”

செல்வியை மடியில் வைத்து மணலில் உட்கார்ந்தேன். அவள் தலையில் என் கண்ணீர் விழுந்தது. வெயில் சாய்ந்த பிறகுதான் பாய் தெரிந்தது. கட்டுமரம் கரைதட்டுமுன் அவர் தண்ணீரில் குதித்தார்.

“காத்து வுழுந்துபோச்சிமே! வேணும்னு பண்லமே!”

கல்யாணமான நாள் முதல் அவர் எனக்குக் காரணம் சொன்னதில்லை. நான் எழுந்து நின்று, என் சந்தைக் குரலில் கேட்டேன்.

“நாளைக்கி எப்ப?”

குப்பமே திரும்பிப் பார்த்தது. அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “சங்குக்கு அப்பாலன்னு வெச்சிக்கோ” என்றார்.

இப்போதும் சங்கு ஊதினால் இடது கைத் தழும்பு லேசாகத் தினவெடுக்கும். கத்தி அக்கா வீட்டுக்குப் போகும். சில நாள் அவர் கரைக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கியும் விடுவார். கத்தியைத் திருப்பி வாங்க நான் மறந்திருப்பேன்.