இஞ்சியால் யாரும் சாவதில்லை: சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங்குக்கு

பாலிங்குக்கு நான் சைக்கிளில் கிளம்பியதற்குக் காரணம் பொறாமை. மனைவியிடம் சொன்ன காரணம் வேறு. "உன் அக்காவைப் பாத்து ரொம்ப நாளாச்சு, தஞ்சோங் டாவாய் கருவாடு கொஞ்சம் குடுத்துட்டு வரேன்" என்றேன். ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து இது இரண்டாவது வருடம். அரிசி தேடியோ சொந்தங்களைத் தேடியோ அந்தப் பாதையில் போகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

என் மனைவி சரோஜாவின் அக்காள் கணவர் அருளப்பன், பாலிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிரெசர். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர். நான் சுங்கை பட்டாணியில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். என் வீட்டுக்குள் மட்டும் எதற்கெடுத்தாலும் "அத்தான் அப்படிச் சொன்னாரு" என்ற பேச்சுதான். எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அவருடைய கடிதம் கடைக்கு வந்தது. "மரவள்ளிக்கிழங்கோடு இஞ்சி சேர்த்தால் விஷம் என்பது பொய். இஞ்சியால் யாரும் சாவதில்லை. இதை உங்கள் தெருவில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்" என்று தொடங்கியிருந்தார். அரிசி போய்க் கிழங்கு வந்த நாளிலிருந்து, இஞ்சி சேர்க்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னவனே நான். மேலே படிக்காமல் மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். சரோஜாவிடம், எல்லாரும் சௌக்கியமாம் என்றேன். அவர் சொல்வது தப்பு என்று நேரில் நிரூபித்துவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். ஜப்பான் நேரம்தான், பழைய கணக்குக்கு ஆறரை. பக்கத்து வீட்டு அஞ்சலை வாசலில் கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாக இருக்கிறாள்.

"அண்ணே, ஆத்தோரத்துல தோண்டுனது. நாளைக்கு அவிக்கலாம்னு இருக்கேன். வேற ஏதும் பாக்கணுமா?"

"இஞ்சி மட்டும் சேக்காத. அவ்வளவுதான்."

பாலிங் சுமார் முப்பத்தாறு மைல். கோலா கெட்டில் வரை பதின்மூன்று மைல், பாதை பரவாயில்லை. டியூப் கிடைக்காததால் டயருக்குள் ரப்பர் குழாயைத் திணித்து ஓட்டினேன். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தெரியும். வழியில் ஆற்றுப் பாலத்தில் நிற்கும் ஜப்பான் சிப்பாய் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வான் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். நான் போன அன்று அப்படி ஒன்றும் இல்லை. இறங்கி, தொப்பியைக் கழற்றி, நன்றாகக் குனிந்தேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினான். கோலா கெட்டிலில் பால் இல்லாத கோப்பி, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டில் ஐம்பது காசு. கோப்பி என்பது பெயருக்குத்தான், வறுத்த சோளத்தின் வாசனை அடித்தது.

சயாம் எல்லை பக்கத்தில் என்பதால் பாலிங்கில் அரிசி கொட்டிக் கிடக்கிறது என்பதும் பொய். கூப்பாங் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளிதான். சுண்ணாம்புக் குன்று கண்ணில் பட்ட பிறகும் ஊர் சீக்கிரம் வந்துவிடாது, ஏமாற வேண்டாம். மூன்றரை மணிக்குத் தோட்டத்து வாசலில் இறங்கினேன்.

அருளப்பன் ஓடிவந்து சைக்கிளை வாங்கிக்கொண்டார். அவர் சட்டை வெளுப்பாக இருந்தது. எதிரே வந்த, லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளிகள் ஒவ்வொருவரும் நின்று வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு அவித்த கிழங்கும் இஞ்சித் துவையலும் வந்தன. நான் கருவாட்டைத் தொட்டுக்கொண்டேன். அவர் துவையலை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த மனுஷன் ஒரு தடவையாவது வாந்தி எடுக்க மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு ஏப்பம் விட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இஞ்சி விஷயம் உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல தம்பி. என் வீட்டுக்காரி பாக்கியம் தெரியாம கிழங்குல இஞ்சியப் போட்டுட்டா. சாப்பிட்ட பொறகுதான் தெரிஞ்சது. வீட்டுல நாலு பேரும் செபமாலைய எடுத்துக்கிட்டு, சாகப்போறோம்னு உக்காந்திருந்தோம். ஒண்ணும் ஆகல." சிரித்தார். சட்டென்று அந்தச் சிரிப்பு நின்றது. "ஆனா அதே வாரத்துல லயத்துல ரெண்டு பேரு செத்துப்போனாங்க. இஞ்சிய அவங்க கண்ணால கூடப் பாக்கல. கசப்புக் கிழங்கு. தோலோட அவிச்சு, தண்ணியயும் குடிச்சிருக்காங்க. அதான் ஒடனே ஒங்களுக்கு எழுதுனேன். படிச்சுக் காட்டுனீங்களா?"

"காட்டினேன்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அஞ்சலையின் வாசல் ஞாபகம் வந்தது. ஆற்றோரக் கிழங்கு. "வேற ஏதும் பாக்கணுமா?"

சரோஜாவின் அக்காவிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பத்து மணிக்குச் சைக்கிளை மிதித்தேன். போகும்போது ஏழரை மணி நேரம் பிடித்த பாதை, வரும்போது ஐந்தே முக்கால் மணி. பாலத்துச் சிப்பாய்க்கு நான் அவசரமாக இரண்டு தடவை குனிந்ததைப் பார்த்து அவனே சிரித்தான்.

அஞ்சலை அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இஞ்சி போடலண்ணே. கொஞ்சம் கசக்குது, உப்பில்லாததாலதான்னு நெனச்சேன்."

பானையைப் பிடுங்கிக் கால்வாயில் கொட்டினேன். சின்னவள் வீறிட்டாள். அஞ்சலை என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "என் புள்ளைங்க சோத்தையா கொட்டுற? பைத்தியமா ஒனக்கு?" தெருவே கூடிவிட்டது. எங்கள் வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்து வந்தேன். அத்தனை பேர் நடுவிலும் நின்று படித்தேன். கசப்புக் கிழங்கைத் தோலோடு அவிக்காதீர்கள் என்ற மீதி வரிகளை நானே அன்றுதான் முதன்முறையாகப் படிக்கிறேன். நீங்கள் சௌக்கியமாம் என்று சொன்ன கடிதமா இது, எப்போது வந்தது என்றாள் சரோஜா. போன மாதம் என்றேன். அவள் எங்கள் வீட்டில் அவித்திருந்த கசப்பில்லாத கிழங்கை அள்ளி அஞ்சலையிடம் கொடுத்தாள்.

கலையும்போது கூட்டத்தில் ஒருத்தி, "அந்த டிரெசர் ஐயா தங்கமான மனுஷன்லா" என்றாள். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விடிந்ததும் கிளம்புங்கள், கூப்பாங்குக்கு அப்புறம் ஏற்றம். உப்போ கருவாடோ கொண்டு போனால் நோட்டைவிட மதிப்பு. வழியில் யார் கிழங்கு கொடுத்தாலும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிடுங்கள். வீட்டில் என்றால் தோலைத் தடிமனாகச் சீவி, நறுக்கி, மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதற்குப் பிறகும் கசந்தால் வேண்டவே வேண்டாம். இஞ்சி கிடைத்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அருளப்பனுக்குப் பதில் எழுத வேண்டும். படித்துக் காட்டியதாகச் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று தடவை உட்கார்ந்து, மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். அவர் கோபப்பட மாட்டார், மன்னித்துவிடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.